தைசானின் படிகளும் கம்பிவடமும்

மலையேறாமலே மலையுச்சியை அடைவதுதான் முன்னேற்றம் என்று வாதிடுவோர் இன்று பெருகிவிட்டனர். அவ்வாதத்திற்கு இரையானவற்றுள் முதலில் எண்ணத்தக்கது சீனத்துச் சாண்டோங் மாநிலத்தின் தைசான் மலை.

தாவோ சமயத்தார் போற்றும் ஐம்பெரு மலைகளுள் கிழக்குத் திசைக்குரியது தைசான். உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டரே. அதனினும் உயர்ந்த மலைகள் சீனத்தில் எத்தனையோ உள. எனினும் கி.மு. 219இல் சின் ஷி ஹுவாங் பேரரசன் வானை வழிபட ஏறியது இம்மலையில்தான். சோங் மரபின் சென்சோங் 1008இல் அதே வேள்வியை இங்கு நிகழ்த்தினான். அடிவாரத்துப் பெருங்கோயிலிலிருந்து முதல் வான்வாயில், நடு வான்வாயில், தென் வான்வாயில் என மூன்று வாயில்களைக் கடந்து, ஏழாயிரத்தை ஒட்டிய கற்படிகள் மேலேறுகின்றன. மண்ணுலகிலிருந்து விண்ணுலகு புகும் வழியாகவே முன்னோர் அதனை வகுத்தனர். பதினெண் வளைவு எனப்படும் இறுதிச் செங்குத்தில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட படிகள். மூச்சு வாங்க, முழங்கால் நடுங்க அதனை ஏறி முடித்தவனுக்கே தென் வான்வாயில் ஒரு வாயிலாகத் தோன்றும். அதற்கப்பால், காற்றைத் தாங்கச் செப்போடு வேய்ந்த பீசியா அன்னையின் திருக்கோயில். மகப்பேறு வேண்டி அவளிடம் சென்ற பெண்களுள் பாதங்கட்டப்பட்டவர்களும் இருந்தனர்!

1983இல் நடு வான்வாயிலிலிருந்து உச்சியருகே கம்பிவட ஊர்தி ஓடலாயிற்று. அதன் மேல்நிலையத்திற்காக நிலவு நோக்கும் சிகரத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். 1987இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட மலை, அக்காயத்தோடுதான் அப்பெருமையைப் பெற்றது. பதினெண் வளைவு இன்று பயணிகள் பலருக்குக் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் ஒரு காட்சி, அவ்வளவே.

பேரரசர்கள் மட்டும் நடந்தா ஏறினர், பல்லக்கில் அன்றோ சென்றனர் என்பார் உளர். மெய்தான். ஆயினும் அப்பல்லக்கும் அதே படிகளின் வழியேதான் சென்றது. சுமந்தவன் கால் ஒவ்வொரு படியையும் அறிந்தது. பல்லக்குக்காக எவரும் சிகரத்தை உடைக்கவில்லை.

முதியோரும் உடற்குறையுடையோரும் என்செய்வர் என்பதே வலுவான வினா. அதனைப் புறந்தள்ளுவது அறமாகாது. ஆனால் ஊர்திக்கு வரிசையில் நிற்போரைக் காணுங்கள். திடகாத்திரமான இளைஞர் அதில் எத்தனை பேர்! தளர்ந்தோர் பெயரால் எழுந்த ஊர்தி, தளராதோரின் சோம்பலுக்கன்றோ பயன்படுகிறது? 2025ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது, இடையிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் மின்விசைக் கருவிகள் அம்மலையில் வாடகைக்கு விடப்பட்டன. நகைத்தவர் பலர். நகைக்க ஏதுமில்லை. அக்கருவி ஒரு கல்லையும் பெயர்க்கவில்லை. முழங்கால் தளர்ந்தவரும் வாயில்களைத் தம் காலாலேயே கடக்கத் துணைசெய்கிறது. கம்பிவடத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற பேச்சு அத்தோடு பொய்த்துப்போயிற்று.

2000இல் பழைய கம்பிவடத்தை அகற்றும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. அறிஞர் பலர் எதிர்த்து எழுதியும், அதிகாரிகள் அதனைப் பெரிதாக்கிப் புதுப்பித்தனர். அவ்வியந்திரமும் முதுமையுறும். அப்போதேனும் மேல்நிலையத்தைப் பெயர்த்தெடுத்து, சிகரத்தை மலைக்கே விட்டுவிட வேண்டும்.