மணமகளும் முனைவர் பட்டமும்



ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டால், அவளது ஆய்வுப் படிப்பும் அத்துடன் முடிந்ததாகவே பல இல்லங்களில் கருதப்படுகிறது. ஆனால் விதிகள் அவ்வாறு கூறவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளைப் பாருங்கள். எம்.ஏ. முடித்தவர் அதில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு அல்லது தேசியத் தகுதித் தேர்வு மூலமாகவும், நேர்காணல் வாயிலாகவும் சேர்க்கை நடைபெறும். எம்.ஃபில். படிப்பை அவ்விதிகள் நிறுத்திவிட்டன. சேர்ந்தபின் 12 கிரெடிட்டுகளுக்குக் குறையாத பாடங்களைப் பயின்று தேற வேண்டும். பின்னர் ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதனை நிலைநாட்ட வேண்டும். இதற்கான காலம் குறைந்தது 3 ஆண்டுகள். அதிகபட்சம் 6 ஆண்டுகள்.

பெண்களுக்கோ மேலும் 2 ஆண்டுகள் அளிக்கலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென மொத்தம் 240 நாட்கள் வரை விடுப்பும் தரலாம். மணமாகி வேறு ஊர் செல்ல நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தம் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள பல்கலைக்கழகத்திற்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

இத்தனை வாசல்களையும் விதி திறந்து வைத்திருக்க, வீட்டார் அவற்றை அடைத்துவிடலாமா? மணப்பேச்சில் மஹர் பற்றிப் பேசுகிறோம். விருந்து பற்றிப் பேசுகிறோம். மகளின் படிப்பு எவ்வாறு தொடரும் என்பதையும் அந்தச் சபையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மணம் முடிந்தபின் அதனைக் கேட்கும் சுமையை அவள்மீது மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.