ஓட்டு வந்த வழி

காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கல்லூரி மாணவ மாணவியரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பஸ் ஏறி எங்கேனும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை, கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் கொட்டகை. கொஞ்சம் பணம் சேர்ந்தால் ராமேசுவரம். சாரணர், சாரணியர், நாட்டு நலப்பணித் திட்டத்து இளைஞர்கள் எல்லோரும் பெரும்பாலும் இதே பாதையில்தான் போகிறார்கள். நல்ல இடங்கள்தாம்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் பதினெட்டு வயது நிரம்பியதும் விரலை நீட்டி மை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள். அந்த ஓட்டு எங்கிருந்து வந்தது, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்று காட்டுவதற்கு நாம் அவர்களை எங்கே அழைத்துப் போகிறோம்?

வெளிநாடுகளில் இதற்கென்று இடங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் குடியிருந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1903-ல் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் தோன்றியது அந்த வீட்டுக் கூடத்தில்தான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பழைய சிறைச்சாலை ஒன்று 2020-ல் கண்காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. 1917-ல் ஜனாதிபதி மாளிகையின் வாசலில் பதாகை பிடித்து நின்ற பெண்களைப் பிடித்து அடைத்த இடம் அது. நவம்பர் 14-ந்தேதி ராத்திரி காவலாளிகள் அவர்களை அடித்து நொறுக்கினார்கள். லூசி பர்ன்ஸ் என்ற பெண்மணியின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அறைக் கதவோடு விலங்கிட்டு விடியும்வரை நிற்க வைத்தார்கள். கண்காட்சிச்சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

“நம் நாட்டில் அப்படியெல்லாம் அடிபடவில்லையே, ஓட்டு தானாக வந்ததுதானே?” என்று பலர் நினைக்கிறார்கள். படித்தவர்களே அப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, அதோடு ஓட்டும் வந்தது என்பது அவர்கள் எண்ணம். உண்மை அவ்வளவு சுலபமானதல்ல.

அதே 1917-ம் வருஷம். மே மாதத்தில் அடையாறில் இந்திய மாதர் சங்கம் ஆரம்பமாயிற்று. ஐரிஷ் நாட்டுப் பெண்மணியான மார்கரெட் கஸின்ஸ் அதன் உயிர்நாடியாக இருந்தார். தம் நாட்டில் ஓட்டுக் கேட்டுச் சிறை சென்று வந்தவர் அவர். டிசம்பர் 18-ந்தேதி இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தபோது, சரோஜினி தேவியாரின் தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்தது. புதிய சீர்திருத்தத்தில் பெண்களையும் ஜனங்களாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். கேள்வியைக் கவனியுங்கள். சலுகை எதுவும் கேட்கவில்லை. ‘ஜனங்கள்’ என்று நீங்கள் எழுதும்போது அதில் நாங்கள் உண்டா இல்லையா என்று கேட்டார்கள். ஓட்டுரிமையை ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி, இந்தியப் பெண்கள் இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்று கைவிரித்துவிட்டது. 1919-ம் வருஷத்துச் சட்டமோ, அந்தந்த மாகாணச் சட்டசபைகள் விரும்பினால் கொடுத்துக்கொள்ளட்டும் என்று பொறுப்பைத் தள்ளிவிட்டது.

முதலில் முன்வந்தது நம் சென்னை ராஜதானிதான். 1921 ஏப்ரல் முதல் தேதி சட்டசபை அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பம்பாய் அதே வருஷம் பின்தொடர்ந்தது. முற்போக்குக்குப் பெயர்போன வங்காளம் அந்த வருஷம் ‘முடியாது’ என்று சொல்லி, 1925-ல்தான் இறங்கிவந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் கர்வப்பட்டுக் கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் முழு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொத்தோ வரியோ தன் பேரில் இருந்த பெண்ணுக்கு மட்டுமே அந்த ஓட்டு. கூலிக்குப் போன பெண்ணுக்கு இல்லை. வீடும் நிலமும் புருஷன் பேரில் இருந்த பெண்ணுக்கும் இல்லை. 1935-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகும், மூன்று கோடியை நெருங்கிய ஆண் வாக்காளர்களுக்கு எதிரே பெண்கள் சுமார் 60 லட்சம் பேர்தாம்.

செட்டிநாட்டிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்திருக்கும். பக்கத்திலிருக்கும் இலங்கையில் 1931-லேயே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் யாவருக்கும் ஓட்டுக் கொடுத்துவிட்டார்கள். மறுவருஷமே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கே அந்த உரிமை கைக்கு வர இன்னும் இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் போதாதா? போதாது என்பதே நம் அபிப்பிராயம். புத்தகத்தில் படித்தது பரீட்சையோடு போய்விடும். கண்ணால் பார்த்தது அப்படிப் போகாது. பார்ப்பதற்கோ வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள்ளேயே இடங்கள் இருக்கின்றன.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1886-ல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர மனுப்போட்டபோது ஊரே எதிர்த்தது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்றார்கள். அவருடைய தாயாரின் குலத்தைச் சொல்லியும் தடுத்தார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1926-ல் பெண்களும் சட்டசபையில் அமரலாம் என்று ஆனதும், நியமன அங்கத்தினராகச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார்; 1927-ல் ஏகமனதாக உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதா உடனே பலிக்கவில்லை, 1947-ல்தான் சட்டமாயிற்று. 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை அறிந்த எத்தனை பிள்ளைகளுக்கு இந்தச் சட்டசபைக் கதை தெரியும்? திருக்கோகர்ணத்தில் 1910 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்க அழைத்துப் போகும் ஆசிரியர்கள், அப்படியே மன்னர் கல்லூரியின் கதையையும் சொல்லி வந்தால் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை.

மறுபக்கம் சிவகங்கை. 1780-ல் சீமையை மீட்டு ஆண்ட வேலு நாச்சியாருக்கு 2014-ல் அங்கே நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. வாளையும் குதிரையையும் பார்த்துப் பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள், செய்யட்டும். கூடவே யாரேனும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பெண் படை திரட்டிச் சீமையை ஆண்டு நூற்றுமுப்பது வருஷத்துக்கு அப்புறம், பெண்களுக்கு ஓட்டுப் போடும் பக்குவம் வரவில்லை என்று சவுத்பரோ கமிட்டி எழுதியதே, அது எப்படி?

காரைக்குடியிலேயே கதை இருக்கிறது. ‘குமரன்’ பத்திரிகையை நடத்திய சொ. முருகப்பா, விதவை மறுமணத்துக்காக இங்கே சங்கம் வைத்துப் பாடுபட்டார். 1936-ல் ‘மாதர் மறுமணம்’ என்றே ஒரு மாதப் பத்திரிகை இந்த ஊரிலிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியை முருகப்பாவின் துணைவியார் மரகதவல்லி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘புள்ளி’ என்று கணக்கெழுதிய சமூகம் இது. அதன் நடுவில் இருந்துகொண்டு, கணவனை இழந்தவளுக்குத் தனியாக ஒரு வாழ்வு உண்டு என்று அச்சடித்துப் பரப்புவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஓட்டைப் பற்றிய பத்திரிகை அல்லவே என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெண்ணைத் தனி ஆளாக எண்ண வேண்டும் என்ற வாதம்தான் இதிலும் அதிலும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளை இன்று எங்கே தேடுவது? பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் குப்பை என்று கழித்த அச்சுத்தாள்களை எல்லாம் ஒரு லட்சம் வரை சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தப் பொக்கிஷம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் காப்பாற்றப்பட்டுச் சென்னைக்குப் போயிற்று. இப்போது தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பத்திரமாக இருப்பதில் சந்தோஷமே. ஆனாலும் செட்டிநாட்டுப் பிள்ளைகள் செட்டிநாட்டுக் காகிதத்தைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

இன்னொரு சம்பவத்தையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1951–52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வடமாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மட்டுமே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நம் ஊர்ப்பக்கம் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அங்கே தன் பெயரையே சொல்லவில்லை! தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை என்று சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். கடுமைதான். என்றாலும் அவர் செய்தது சரி என்றே நாம் கருதுகிறோம். அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் பெயரோடு வந்து சேர்ந்தார்கள்.

இன்று தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். 2021 தேர்தலிலும் அப்படித்தான். ஆனால் அந்தத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் பன்னிரண்டே பேர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்தோம். எத்தனை ஊர்களில் தலைவி வீட்டில் இருக்க, தலைவியின் புருஷன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். நாடாளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் 2023-ல் நிறைவேறியது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகே அது அமலுக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இப்போது பள்ளியில் படிக்கிற பெண்பிள்ளைகள்தாம் அந்த இடங்களில் நிற்கப் போகிறவர்கள். தம் பெயரில் நிற்பார்களா, வேறொருவர் சொல்லிக்கொடுத்ததைப் பேசுவார்களா என்பது இந்த வயதில் அவர்கள் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

ஆகவே நாம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறோம். ஒன்று, இந்த வருஷத்துச் சுற்றுலாவிலேயே ஒரு நாளைப் புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்குமாக ஒதுக்குவது. பையன்களையும் சேர்த்தே அழைத்துப் போக வேண்டும். பெண்பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான் நடக்கும். இரண்டாவது, காரைக்குடியிலேயே இதற்கென ஓர் அறை. தனிக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இங்கே பஞ்சமா? ஒரு வீட்டின் முகப்புக் கூடம் போதும். முதல் தேர்தலில் வேட்பாளருக்கு ஒன்றாகச் சின்னம் ஒட்டி வைத்த இரும்பு ஓட்டுப் பெட்டியில் ஒன்று, பழைய வாக்காளர் பட்டியல்கள், ‘மாதர் மறுமணம்’ இதழ்களின் பிரதிகள், முத்துலட்சுமி அம்மையாரின் சட்டசபைப் பேச்சுக்கள், சென்னை ராஜதானியிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போன அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரின் படங்கள். இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவையும் பீங்கானையும் விலை பேசி வாங்கிப் போக வெளிநாட்டார் வருகிறார்கள்; அந்த வீடுகளின் பரணில் கிடக்கும் காகிதங்கள் எடைக்குப் போகின்றன. ஆச்சிமார்கள் மனம் வைத்தால் அவற்றில் கொஞ்சம் மிஞ்சும். தங்கள் தாயார், பாட்டியார் பெயர் முதன்முதலாக ஏறிய வாக்காளர் பட்டியலின் பக்கம் எந்த வீட்டிலாவது இருக்குமானால், எடைக்காரருக்குப் போடுமுன் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு நகலாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.