மருத்துவக் கல்விக்கு வாயில் எது?

பள்ளியிறுதி வகுப்பை முடித்த கையோடு மருத்துவக் கல்லூரியின் வாயிலை அடைவது நம் நாட்டு வழக்கம். அமெரிக்க நாட்டிலோ முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம். அதன் பின்னரே நான்காண்டு மருத்துவப் படிப்பு. 1893ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றோரையே மாணாக்கராக ஏற்பதென விதித்தது. 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அளித்த அறிக்கை அக்கல்லூரியையே ஏனையவற்றிற்கு முன்மாதிரியாகக் காட்டிற்று.

அந்த நான்காண்டுகளில் எதனைக் கற்பது? விதி எளியது. உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் ஓரளவு கற்றிருத்தல் வேண்டும். முதன்மைப் பாடம் எதுவாயினும் தடையில்லை. வரலாறு படிக்கலாம், இசையும் படிக்கலாம். ஆயினும் நடப்பது வேறு. மருத்துவம் புகுவதென முதலாண்டிலேயே உறுதிபூண்டோருள் மிகப்பலர் உயிரியலையே நாடுகின்றனர். கரிம வேதியியல் அவர்களைச் சலித்தெடுக்கும் சல்லடையாகிவிடுகிறது. மதிப்பெண் ஒரு படி குறையினும் கனவு கலையுமென அஞ்சி, தம் உள்ளம் விரும்பிய பாடத்தைக் கைவிடுவோர் உளர். நல்ல பள்ளியில் பயிலும் வாய்ப்பற்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகளே இச்சல்லடையில் முதலில் நழுவி விடுகின்றனர். நோயறியும் திறன் அவர்கட்கு இல்லையென்று யார் கண்டார்? பிறர் பள்ளியிலேயே பழகிய பென்சீன் வளையத்தை அவர்கள் முதன்முறையாகக் காண்கின்றனர், அவ்வளவே.

இந்நிலை கண்டு மனம் வெதும்பிய மருத்துவ அறிஞர் லூயிஸ் தாமஸ், 1978இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். மருத்துவத்திற்கென்றே ஆயத்தமாகிறோம் என முத்திரை குத்திக்கொண்டு வருவோரின் விண்ணப்பங்களை அடியில் தள்ளுக. கல்லூரிப் படிப்பின் நடுவே செவ்வியல் கிரேக்க மொழியை வைத்திடுக என்பன அவர் தந்த மருந்துகளுள் இரண்டு. பாதி நகை, பாதி சினம். மொழியாசிரியர் எவர்க்கும் இதனைப் படிக்கையில் உள்ளம் குளிரும், எனக்கும் குளிர்ந்தது. எனினும் முழுதும் உடன்படக் கூடவில்லை. கிரேக்கம் கற்பிப்பார் இல்லாத ஊரில் பிறந்த மாணவனுக்கு அது மற்றுமொரு சல்லடையே அன்றோ?

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987இல் தொடங்கிய முயற்சியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இலக்கியம், வரலாறு முதலிய துறைகளில் பயின்ற சிலரை நுழைவுத்தேர்வு இன்றியே அது சேர்த்துக்கொண்டது. கரிம வேதியியலையும் இயற்பியலையும் அவர்கள் முழுமையாகக் கற்றிருக்க வேண்டும் என்பதுமில்லை. 2010இல் வெளியான ஆய்வின்படி, மருத்துவப் படிப்பில் அவர்கள் ஏனையோர்க்கு ஏறத்தாழ நிகராகவே விளங்கினர். உரிமத் தேர்வின் முதற்கட்டத்தில் சற்றே பின்தங்கினர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

'எம்கேட்' எனப்படும் நுழைவுத்தேர்வும் மாறாமல் இல்லை. 2015 முதல் உளவியலும் சமூகவியலும் அதில் இடம்பெற்றுள்ளன. நான்கு பகுதிகளுள் ஒன்று படித்துணரும் திறனுக்கே உரியது. மெய்யியல், கலை, சமூகம் பற்றிய உரைப்பகுதிகளைப் படித்து 90 நிமிடங்களில் 53 வினாக்கட்கு விடையளித்தல் வேண்டும். இரவு முழுதும் உருப்போட்டு வெல்ல இயலாத பகுதி இது. நோயாளியின் கூற்றும் அத்தகையதே. வயிற்றுவலி என வரும் மூதாட்டி, மகன் வேலையிழந்த செய்தியை மூன்றாம் வாக்கியத்தில்தான் சொல்வாள். முதல் வாக்கியத்திலேயே மருந்தெழுதத் தொடங்கியவர்க்கு அது செவியில் விழாது.

நம் 'நீட்' தேர்வுக்கு 720 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டுமே. அதனைத் தமிழில் எழுத இடமுண்டு. தமிழில் ஒரு பத்தியைப் படித்துணர்ந்து விடையளிக்க இடமில்லை. அத்தகு பகுதி ஒன்று, மாணாக்கர் தேர்வெழுதும் மொழியிலேயே சேர்க்கப்பெறுமாயின், சிற்றூர்ப் பள்ளியில் பயின்றவனுக்கு அது கிரேக்கமாய் இராது.