கிணற்றடியில் நஞ்சு எதற்கு?

வட்டுக்கோட்டை என்றதும் உலகெங்கும் வாழும் தமிழருக்கு 1976 ஆம் ஆண்டின் தீர்மானமே நினைவுக்கு வரும். இன்று நாம் எழுத வந்தது அவ்வூர் வளவுகளில் காய்க்கும் கத்தரியையும் பாகலையும் பற்றி. சிறிய விடயம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் ஓடி அராலிக் கடலில் கலந்துவிடுகிறது. குடிப்பது கிணற்று நீர். அக்கிணறும் மரக்கறிப் பாத்தியும் ஒரே வளவுக்குள். அடியில் இருப்பதோ சுண்ணக்கல். மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகள் வழியே கீழிறங்கும். பசளையின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை பதிவு செய்துள்ளன.

இந்நிலையில், தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினியில் எஞ்சியதை வீட்டுக் கத்தரிக்கும் அடிப்போர் உளர். அடித்து இத்தனை நாள் கழித்தே பறிக்கவேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும். வீட்டில் இன்று அடித்து நாளை மறுநாள் கறிக்குப் பறிக்கிறோமே! மொனோகுரொட்டபொஸ் 1995 இலும் என்டோசல்பான் 1998 இலும் இலங்கையில் தடுக்கப்பட்டன. அதுவரை அவையும் கடையில் விற்ற மருந்துகள்தாம்.

கத்தரித் தண்டைத் துளைக்கும் புழு, முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. வாடிய நுனியைக் கண்டவுடன் கிள்ளி எரிப்பதே வைத்தியம். காலையில் ஐந்து நிமிட வேலை; அந்த ஐந்து நிமிடம் இல்லாத வீடுதான் போத்தலைத் தேடுகிறது. பாகற்பிஞ்சுக்குக் கடதாசிப் பை கட்டினால் பழ ஈ நெருங்காது. இலையின் அடியில் அப்பிச் சாறு குடிக்கும் அழுக்கணவனுக்கு, 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். வெயில் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும் என்பதாலேயே மாலை. அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டை, கண்டதையெல்லாம் கொல்லும் மருந்து முதலில் அழித்துவிடுகிறது.

வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்தன. அது 2000 இல் நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 இல் தோற்றது. அந்நியர் உரிமை கொண்டாட முனைந்த மரத்தின் பழத்தை நாம் முற்றத்தில் கூட்டி எரித்துக்கொண்டிருக்கிறோம்.

2021 இல் அரசு இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே மூச்சில் தடை செய்து, நவம்பரில் பின்வாங்கியதைச் சிலர் நினைவூட்டுவர். நாடு முழுவதன் நெல்லையும் ஒரே போகத்தில் மாற்ற முனைந்தது வேறு, கோடிப்புறத்துப் பத்துக் கத்தரிக் கன்று வேறு. வேம்பு எல்லாப் பூச்சிக்கும் மருந்தல்ல என்பதும் மெய்யே. பத்துக் காயில் இரண்டு சொத்தையானால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

வீட்டுத்தோட்டத்துக்கென விதைப் பொதி வழங்கும் அதிகாரிகள், வேப்பம் பருப்பை இடித்துக் கரைக்கும் முறையையும் வளவுக்கு வந்து செய்து காட்டவேண்டும் என்பதே எமது கோரிக்கை.