சாவது பூச்சியா, காவலனா?

வயலில் ஒரு பூச்சி தென்பட்டால் போதும். "மருந்தடி!" என்கிறார் பூச்சி மருந்து வியாபாரி. எந்தப் பூச்சி, எத்தனை பூச்சி என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் சரக்கு விற்காதே! பூச்சியெல்லாம் பகை என்பது அவர் வாதம். இது பச்சைப் பொய்.

நெல் வயலையே பாருங்கள். தூருக்கடியில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு பயிரின் சாற்றை உறிஞ்சுகிறது புகையான். அது பெருகினால் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். இது பகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே தூரில் ஓநாய்ச் சிலந்தி திரிகிறது. தண்ணீர்மேல் ஓடியும் புகையானைப் பிடித்துத் தின்கிறது. பச்சை நாவாய்ப்பூச்சி புகையானின் முட்டையையே குடித்துத் தீர்க்கிறது. பொறிவண்டும் தட்டானும் இவற்றுக்குத் துணை. கூலி கேட்காத காவல்காரர்கள் இவர்கள்!

மருந்தடித்தால் நடப்பதென்ன? வெளியே திரியும் காவலன் சாகிறான். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அது பொரிக்கும்போது, குஞ்சைத் தின்ன வயலில் ஆளில்லை. புகையான் முன்னிலும் பெருகுகிறது. வியாபாரி அடுத்த டப்பாவை நீட்டுகிறார்!

இது கற்பனையல்ல. இந்தோனேசியாவில் அரசாங்கமே மானியம் கொடுத்து மருந்தை அள்ளித் தெளிக்க வைத்தது. புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986-ல் அதே அரசாங்கம் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை செய்தது. எது பகை, எது காவல் என்று இனம் காண உழவர்களுக்கு வயலிலேயே கற்றுக் கொடுத்தது. மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

லாபம் வியாபாரிக்கு. நஞ்சு யாருக்கு? முதுகில் டேங்கைச் சுமந்து தெளிக்கும் கூலியாளுக்கு! 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆலைத் தோழர்களே, நீங்கள் நூற்கும் பஞ்சுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவும் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, ஊருக்கு ஊர் கேட்போம்: வயலில் இறங்கிப் பார்க்காமல் மருந்தடிக்கச் சொல்லாதே! கையுறையும் முகமூடியும் தராமல் டேங்கை எங்கள் முதுகில் ஏற்றாதே! பகைப் பூச்சியையும் காவல் பூச்சியையும் அடையாளம் காட்ட வேளாண்மை அதிகாரி வரப்புக்கு வரட்டும்!

காவலனைக் கொன்றுவிட்டுக் களவைத் தடுக்க முடியாது.