செத்த பிறகு தடை நீக்கமா?

அமெரிக்கர்களுக்கு "பேஸ்பால்" என்றால் உயிர். கிரிக்கெட் போலவே மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம் அது. ஓய்வு பெற்ற சிறந்த ஆட்டக்காரர்களுக்கென்று கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. தேர்வு பெற்றவர்களுக்கு அங்கே வெண்கலப் பலகை வைப்பார்கள்.

பீட் ரோஸ் பெயரில் பலகை இல்லை. பந்தை அடித்து, ஆட்டம் இழக்காமல் ஓடி முதல் எல்லையைத் தொட்டால் அது ஒரு "ஹிட்". ரோஸ் அடித்த ஹிட்டுகள் 4,256! பெரிய லீக் ஆட்டங்களில் அவரை மிஞ்சியவர் இல்லை.

பிறகு என்ன குறை? சூதாட்டம்! தாம் நிர்வகித்த குழுவின் ஆட்டங்களிலேயே பணம் கட்டினார். 1989-ல் நிரந்தரத் தடை விழுந்தது. "கட்டவே இல்லை" என்று சாதித்தவர், 2004-ல்தான் ஒப்புக்கொண்டார்.

2024-ல் ரோஸ் இறந்தார். 2025-ல் தடையை நீக்கினார்கள். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்து இல்லையாம்!

இது என்ன நியாயம்? குற்றம் பெரிது என்றால், அது சாவோடு போய்விடுமா? மன்னிக்கக் கூடியது என்றால், உயிரோடு இருந்தபோதே மன்னித்திருக்கலாமே? 35 ஆண்டுகள் காத்திருந்தாரே, மனிதர்!

இனி அவர் பெயர் தேர்வுக் குழுவின் முன் வரலாம். பலகை வைக்கட்டும். 4,256 ஹிட்டுகளையும் எழுதட்டும்; சூதாடியதையும் அதிலேயே எழுதட்டும்.