எந்தக் கடந்தகாலம் கணக்கில் வரும்? அமெரிக்க மருத்துவச் சேர்க்கையும் பழைய மதிப்பெண்களும்

அமெரிக்காவில் மருத்துவம் பயில விரும்புவோர் நிரப்பும் விண்ணப்பத்தில், பலரைத் தயங்கி நிற்கச் செய்யும் ஒரு பகுதி உண்டு. விண்ணப்பதாரர் தம் வாழ்நாளில் கல்லூரி அளவில் பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு பாடத்தையும் அதில் எழுதியாக வேண்டும். தேறிய பாடம், தோற்ற பாடம், பாதியில் விலகிய பாடம், மீண்டும் எழுதித் தேறிய பாடம், பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி மதிப்புக்காகப் பயின்ற பாடம் என எதற்கும் விலக்கில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு வெளியேறிய கல்லூரியாயினும் அதன் மதிப்பெண் சான்றிதழ் வந்து சேர வேண்டும். மறைத்தது தெரியவந்தால் விசாரணை நடக்கும். அந்த விசாரணை குறித்த தகவல் கல்லூரிகளுக்கும் செல்லும்.

பார்வைக்கு இது நடுநிலையான விதி. எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே கணக்கு. ஆனால், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் விதி எல்லோர் மீதும் ஒரே எடையுடன் இறங்குவதில்லை என்பதைச் சாதியச் சமூகத்தில் வாழும் நாம் அனுபவத்தால் அறிந்தவர்கள். ஆகவே கடல் கடந்த இந்த விதியை நாம் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது?

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி இளநிலைப் பட்டத்திற்குப் பின்னரே பெரும்பாலும் தொடங்குகிறது. அந்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் கல்லூரிச் சான்றிதழுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பின், அந்த அமைப்பே புதிதாக ஒரு சராசரிப் புள்ளியைக் கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனிச் சராசரியும் உண்டு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மாணவர் வேதியியலில் தோற்றுப் பின்னர் அதே பாடத்தை மீண்டும் படித்து முதல்தரமான 'ஏ' பெற்றால், அவருடைய கல்லூரி பழைய தோல்வியை நீக்கிவிட்டுப் புதிய மதிப்பை ஏற்கக்கூடும். ஆம்காஸ் அவ்வாறு ஏற்பதில்லை. இரண்டு முயற்சிகளும் கணக்கில் சேரும். தோல்விக்குச் சுழியம், வெற்றிக்கு நான்கு, சராசரி இரண்டு. வேதியியலை இன்று முழுமையாகக் கற்றறிந்த அம்மாணவர், கணக்கின் கண்ணுக்குப் பாதி மட்டுமே அறிந்தவர்.

இன்னும் விரிவாக, இப்படியொரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால் வைத்தவர். பதினெட்டு வயது. இரவில் உணவகத்தில் வேலை, பகலில் வீட்டருகே உள்ள ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் படிப்பு. முதல் ஆண்டின் 30 மதிப்பலகுகளில் அவர் பெற்ற சராசரி 1.5. படிப்பை விட்டு வெளியேறி, மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றுகிறார். பத்து ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து 120 மதிப்பலகுகளை 3.9 சராசரியுடன் முடிக்கிறார். இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால் கிடைப்பது 3.42. அண்மை ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றோரின் சராசரியோ 3.7-க்கும் மேல். பதினெட்டு வயதில் தூக்கமின்றிக் கழிந்த ஓராண்டு, முப்பதைக் கடந்த வயதிலும் அவரை வாசலில் நிறுத்தி வைக்கிறது.

ஆம்காஸ் ஆண்டுவாரியான சராசரியையும் கல்லூரிகளுக்குக் காட்டுகிறது என்பதை நாம் சொல்லியாக வேண்டும். தாழ்ந்து தொடங்கி உயர்ந்து முடிந்த பயணத்தைக் காண விரும்பும் தேர்வுக்குழுவால் அதைக் காண முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை ஓர் எண்ணை வைத்து முதலில் வடிகட்டும் இடத்தில், அந்த அட்டவணையை எவரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே கதவு மூடப்பட்டுவிடும்.

மறதிக்கும் சட்டம் உண்டு

இவ்விதி இயற்கையின் நியதி அன்று. வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுகள் உள்ளன. 'ஆஸ்டியோபதி' மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு, ஒரு பாடத்தை மீண்டும் படித்தால் புதிய மதிப்பை மட்டுமே கணக்கில் கொள்ளும் முறையை 2017 வரை கடைப்பிடித்தது. படிப்பில் தடுக்கி விழுந்து எழுந்த பலருக்கு அதுவே மருத்துவத்திற்கான வழியாக இருந்தது. 2017-இல் அது கைவிடப்பட்டது.

டெக்சாஸ் மாநிலமோ இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அம்மாநிலத்தில் வசிப்போர், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பழமையான பாடங்களைக் கணக்கில் கொள்ளாமல் தமக்குச் சேர்க்கை வழங்குமாறு அரசுக் கல்வி நிறுவனங்களைக் கோரலாம். அதற்கு விலையும் உண்டு. அந்தக் காலத்தின் தோல்விகளோடு வெற்றிகளும் நீங்கிவிடும். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் அழிக்க முடியாது. அதே மாணவர் ஆம்காஸ் வழியாக வேறு மாநிலத்தில் விண்ணப்பித்தால், அழிந்த பாடங்கள் அனைத்தும் மீண்டும் உயிர்பெற்று எழும்.

ஒரே மனிதர், ஒரே சான்றிதழ். ஒரு மாநிலத்தில் புதிய தொடக்கம், அடுத்த மாநிலத்தில் பழைய கறை. அப்படியாயின் கறை மனிதரிடம் இல்லை, விதியில்தான் இருக்கிறது.

கடனில் சிக்கிய சான்றிதழ்கள்

பழைய பாடங்களைத் தெரிவிப்பதில் மற்றொரு தடை வெளிப்படையாகவே பணம் சார்ந்தது. ஆம்காஸ் பழைய கல்லூரியின் அதிகாரபூர்வச் சான்றிதழைக் கேட்கிறது. கல்லூரியோ, கட்டணப் பாக்கி இருந்தால் சான்றிதழைத் தர மறுத்து வந்திருக்கிறது. நூலகக் கட்டணமோ, பாதியில் விலகியதால் திரும்பச் செலுத்த வேண்டிய உதவித்தொகையோ, சில நூறு டாலர் போதும், ஒருவர் உழைத்துப் பெற்ற மதிப்பலகுகள் பிணைப்பொருளாகிவிடும். இவ்வாறு மதிப்பலகுகள் சிக்கியுள்ள மாணவர்கள் சுமார் 66 லட்சம் பேர் என 2020-இல் இத்தாக்கா எஸ் பிளஸ் ஆர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பணமுள்ள குடும்பத்துப் பிள்ளை அந்தப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்துவிடுவார். அது இயலாதவருக்கோ பழைய கல்லூரியின் பெயரை எழுதினால் விண்ணப்பம் முழுமையடையாது, எழுதாவிட்டால் பொய் சொன்னவராவார்.

போராட்டங்களும் முறையீடுகளும் இதில் பலன் தந்துள்ளன. கலிஃபோர்னியா, கடனுக்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பதை 2020 முதல் சட்டத்தால் தடை செய்தது. கூட்டரசின் உதவித்தொகை பெற்றுக் கட்டணம் முழுதும் செலுத்தப்பட்ட பருவங்களின் பாடங்களுக்கேனும் சான்றிதழ் வழங்க வேண்டும் என்ற கூட்டரசு விதி 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

'தகுதி' என்ற சொல்லின் வரலாறு

அமெரிக்க மருத்துவக் கல்வியில் யார் உள்ளே, யார் வெளியே என்பது மதிப்பெண்ணால் மட்டும் தீர்மானிக்கப்பட்ட காலம் இருந்ததில்லை. 1910-இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, தரத்தை உயர்த்துவது என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளை மதிப்பிட்டது. அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளுள் ஐந்து அதன்பின் மூடப்பட்டன. வாஷிங்டனின் ஹாவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. தரம் உயர்ந்ததோ இல்லையோ, தலைமுறைக் கணக்கில் கறுப்பின மருத்துவர்கள் உருவாகாமலே போயினர்.

1970-களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கான தனித் திட்டத்திற்கு ஒதுக்கியது. பொதுப் பிரிவில் 2.5-க்குக் கீழே சராசரி உள்ளோர் உடனடியாக நிராகரிக்கப்பட்டனர். தனித் திட்டத்தில் அந்த வெட்டுக்கோடு இல்லை. அதாவது, பழைய மதிப்பெண் ஒருவரின் முழு வரலாற்றையும் சொல்லிவிடாது என்பதை அக்கல்லூரி ஏற்றுக்கொண்டது. ஆலன் பாக்கி என்ற வெள்ளையினத்தவர் தொடுத்த வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென அறிவித்தது. இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கருதலாம் என்று மட்டும் அனுமதித்தது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பு அந்த அனுமதியையும் ஏறத்தாழ முடித்துவைத்தது. அடுத்து வந்த 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கையில், மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 12 விழுக்காடு குறைந்தது.

இந்தப் பின்னணியில்தான் பழைய பாடங்களின் கேள்வி கூர்மை பெறுகிறது. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்ப்பதற்கு இருந்த வழிகள் குறுகக் குறுக, அவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது மட்டும் அழியாமல் நிற்கிறது.

நம் கண்ணாடியில்

நம் மண்ணில் நடந்தது இதற்கு நேரெதிர். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் கடந்தகாலம் முழுவதும் ஒளி பொருந்தியது. பழைய முறையில் அவருடைய மருத்துவச் சேர்க்கைத் தகுதி 200-க்கு 196.75. ஆனால் 2017-இல் நீட் தேர்வில் பெற்ற 86 மதிப்பெண்ணின் முன், அந்தக் கடந்தகாலம் செல்லாக்காசாக்கப்பட்டது. செப்டம்பர் 1 அன்று அந்தத் தலித் மாணவியை நாம் இழந்தோம்.

அங்கே பழையவை எதுவும் மறக்கப்படுவதில்லை. இங்கே பழையவை எதுவும் நினைக்கப்படுவதில்லை. இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எனினும் இரண்டும் ஒரே திசையில் உள்ளவர்களையே வெளியே தள்ளுகின்றன. ஏனெனில் எந்தக் கடந்தகாலம் கணக்கில் வரும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் ஒருபோதும் அமர்த்தப்படவில்லை.

அண்ணல் அம்பேத்கர் மெட்ரிக்குலேஷன் தேர்வில் பெற்றது 750-க்கு 282. அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவருடைய எதிர்காலத்தை அளந்திருந்தால், 1913-இல் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நுழைந்திருக்க முடியுமா? வகுப்பறையில் தனியே அமர்த்தப்பட்ட, தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாதெனத் தடுக்கப்பட்ட ஒரு சிறுவனின் பள்ளி நாட்கள் அந்த 282-க்குள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

நாம் கோருவது

பழைய பாடங்களை மறைக்கலாம் என்பது நம் வாதம் அன்று. முழுமையான வெளிப்படைத்தன்மைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பழைய மதிப்பை அழிக்கும் உரிமை மட்டும் வழங்கப்பட்டால், ஒரே பாடத்திற்கு இருமுறை கட்டணம் செலுத்த வசதியுள்ளவர்களே அதனை முதலில் பயன்படுத்திக்கொள்வர். ஆகவே, வெளியிடுதல் வேறு, எடை போடுதல் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அனைத்தையும் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஆனால் பத்து ஆண்டுப் பழமையான தோல்வியை நேற்றைய தேர்ச்சிக்குச் சமமாக நிறுக்காதீர்கள். அண்மை ஆண்டுகளின் சராசரியைத் தனியே முன்னிறுத்துங்கள். ஓர் எண்ணை வைத்து வடிகட்டும் முன் மனிதரின் வரலாற்றைப் படியுங்கள். கடனுக்காக எவருடைய கல்விச் சான்றிதழையும் பிணையாக வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் படித்துக்கொண்டு மருத்துவத்தை நோக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு பருவமே படித்த கல்லூரியாயினும் அதன் பெயரை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் திறப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் சான்றிதழைக் கேட்டுப் பெற்று, அதை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் நிரப்புங்கள். பாக்கி இருந்தால் இப்போதே விசாரியுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் வாழ்வின் இடர்களை எழுதுவதற்கென இடம் தரப்பட்டுள்ளது. அன்று என்ன நேர்ந்தது, அதன்பின் என்ன செய்தீர்கள் என்பதை அங்கே சுருக்கமாக, இரக்கம் கோராமல் எழுதுங்கள்.

தோற்ற பாடத்தை எழுதும்போது தலை குனிய வேண்டியதில்லை. படித்துக்கொண்டே வேலை செய்ததும், விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்ததும் குற்றங்கள் அல்ல. அவற்றைச் சராசரிக் கணக்கில் சேர்க்காத விதிதான் விடை சொல்ல வேண்டும்.